ஐம்பது நிமிஷமும் ஏழு வாரமும்

ஒரு நாடகத்தையோ படத்தையோ பாராட்ட நம் கைவசம் இருக்கிற சொல் 'விறுவிறுப்பு'. நாக்கில் மிளகு பட்டதுபோன்ற ஓர் உணர்வைச் சொல்கிற இந்த வார்த்தை துரத்தலும் அடிதடியும் நிறைந்த படங்களுக்குப் பொருந்தும். நான்கு கனவான்கள் ஓர் அறைக்குள் ஒருவர்பின் ஒருவராக வந்து உட்காருவதைப் பேச்சில்லாமல் காட்டி, அதிலேயே நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கிற காட்சிக்குப் பொருந்தாது. அதற்கு நம் சங்கீதக்காரர்களிடம் வேறு சொல் இருக்கிறது: காலப்பிரமாணம். விளம்பத்தில் பாடினாலும் துரிதத்தில் பாடினாலும், எடுத்துக்கொண்ட காலத்தைக் கடைசிவரை இறுகப் பிடித்திருப்பது. விளம்பகாலக் கிருதியைப் பாடுகிறவர் மெதுவாகப் பாடுகிறார் என்று ரசிகன் குறைப்பட்டுக்கொள்வதில்லை. காலம் தள்ளாடும்போதுதான் சபை நெளிகிறது. டெலிவிஷன் நாடகம் என்ற கலைவடிவத்தின் சரித்திரத்தை இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

சிற்றிதழ் வாசகர்களில் பலர் டெலிவிஷன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். நம் வீடுகளில் மாலை நேரம் முழுவதும் ஓடிக்கொண்டிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரப்பத்திரிகைத் தொடர்கதையை வைத்து நாவல் என்ற வடிவத்தையே நாம் நிராகரிக்கவில்லை. டெலிவிஷனுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை என்று எனக்குப் புரிவதில்லை.

நல்ல டெலிவிஷன் நாடகங்களைப் புத்திசாலித்தனமானவை என்றும் கச்சிதமானவை என்றும் சொல்கிறோம். இவை இரண்டு குணங்கள் என்று நான் நினைக்கவில்லை. பார்ப்பவனுக்கு எதை, எப்போது, எவ்வளவு தெரியப்படுத்துவது என்ற தீர்மானம்தான் ஒரு படைப்பின் கதி. அந்தத் தீர்மானத்துக்குள் பார்ப்பவனின் மூளையைப் பற்றிய ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. இவனுக்கு மூன்று தடவை சொன்னால்தான் விளங்கும் என்று நினைக்கிறவன் இழுக்கிறான். ஒரு தடவை போதும், மீதியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான் என்று நம்புகிறவன் இறுக்குகிறான். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? படைப்பாளிகளின் நல்லெண்ணத்திலிருந்து மட்டும் வந்ததாகச் சரித்திரம் காட்டவில்லை. நேரத்துக்கு இருந்த எல்லையிலிருந்தும் வந்திருக்கிறது.

1948இல் நியூயார்க்கில் ஸிபிஎஸ் நிறுவனம் 'ஸ்டுடியோ ஒன்' என்ற நாடக வரிசையையும் என்பிஸி நிறுவனம் 'ஃபில்கோ டெலிவிஷன் ப்ளேஹவுஸ்' என்ற வரிசையையும் டெலிவிஷனில் ஆரம்பித்தன. நாடகம் ஸ்டுடியோவில் நடக்க நடக்க வீடுகளில் தெரிந்தது. வீடியோ டேப் அப்போது கிடையாது. ஆம்பெக்ஸ் கம்பெனி அதை வெளிக்கொண்டுவந்தது 1956இல். நடந்ததைச் சேமித்துவைக்க இருந்த வழி, டெலிவிஷன் திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் காமிராவை வைத்துப் பிடிப்பதுதான். கினெஸ்கோப் என்று அதற்குப் பெயர். வசனம் மறந்தால் மறந்ததுதான், மைக் நிழல் விழுந்தால் விழுந்ததுதான். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரங்களைக் கழித்தால் நாடகத்துக்கு மிஞ்சுவது ஐம்பது நிமிஷம், அதற்குச் சற்றுக் கூட. அதுவும் அங்கங்களாக உடைந்த ஐம்பது நிமிஷம். ஒவ்வோர் அங்கமும் முடிகிற இடத்தில் சோப்போ குளிர்சாதனப் பெட்டியோ வந்து நிற்கும். அதைத் தாண்டி ஆளைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

இந்த நெருக்கடிக்குள்தான் பேடி சாயெஃப்ஸ்கி 'மார்ட்டி'யை எழுதினார். 1953 மே 24ஆம் தேதி ஒளிபரப்பான இந்த நாடகத்தில் முப்பது வயது தாண்டிய, கல்யாணமாகாத, அழகில்லாத ஒரு கசாப்புக்கடைக்காரன் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவ்வளவுதான் கதை. இன்றைக்கு என்ன செய்யலாம் என்று நண்பனும் அவனும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்கிற வெற்றுப்பேச்சில் ஒரு வர்க்கத்தின் சனிக்கிழமை மாலை முழுவதும் இருக்கிறது. பின்னணி விளக்கம், முன்கதை, உபகதை எதற்கும் இடமில்லாததால் அந்தப் பேச்சே எல்லாமாக ஆகவேண்டியிருந்தது. 1955இல் இது சினிமாவாகி, கான் விழாவின் உயர்ந்த பரிசையும் ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட நான்கு பரிசுகளையும் பெற்றது. சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குக் கதை ஏறிப்போன ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று.

இன்னும் தெளிவான உதாரணம் ரெஜினால்ட் ரோஸ் எழுதிய 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்'. 1954இல் ரோஸ் நியூயார்க்கில் ஒரு கொலைவழக்கில் ஜூரராக உட்கார நேர்ந்தது. பூட்டிய அறைக்குள் பன்னிரண்டு பேர் மணிக்கணக்காக வாதாடியதைப் பார்த்தவர், அதே வருஷம் செப்டம்பர் 20ஆம் தேதி 'ஸ்டுடியோ ஒன்'னில் அதை நாடகமாக்கினார். இயக்கியவர் ஃப்ராங்க்ளின் ஷாஃப்னர். இதன் முழுக் கினெஸ்கோப் பிரதி இல்லையென்றே வெகுகாலம் நம்பப்பட்டது. ஸாமுவெல் லீபோவிட்ஸ் என்ற வழக்கறிஞரின் சேமிப்பிலிருந்து 2003இல் கண்டெடுக்கப்பட்டது.

ஒரே அறை. பன்னிரண்டு பேர். பெயர்கூடக் கிடையாது, எண்கள்தான். குற்றவாளி என்று பதினோரு பேர், இல்லை என்று ஒருவர். கடைசியில் பன்னிரண்டு பேரும் இல்லை என்று சொல்வார்கள் என்பதை முதல் பத்து நிமிஷத்திலேயே ஊகித்துவிட முடியும். ஆக, என்ன நடக்கும் என்ற கேள்வி இங்கே கதியை உண்டாக்கவில்லை. ஒவ்வொருவராக எதனால் மாறுகிறார்கள் என்பதே உண்டாக்குகிறது. எளிதில் கிடைக்காத கத்தி என்று சொல்லப்பட்டதைப் போலவே இன்னொரு கத்தி மேஜையில் குத்தி நிற்கிறது. கால் விளங்காத கிழவர் இத்தனை விநாடியில் கதவுக்கு வந்திருக்க முடியுமா என்று ஒருவர் நொண்டி நடந்து காட்டுகிறார். ஒவ்வொரு தகவலும் ஒரு மனிதனுடைய சுபாவத்தைத் திறந்துவிடுகிறது. வாக்கு எண்ணிக்கைதான் இந்த நாடகத்தின் தாளம். பதினொன்றுக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு, பின் மெல்ல ஆறுக்கு ஆறு.

1957இல் ஸிட்னி லூமெட் இதைச் சினிமாவாக்கினார். லூமெட் அதுவரை சினிமா எடுத்தவர் அல்ல. நேரடி டெலிவிஷனில் பழகிய கை. ஐம்பது நிமிஷம் தொண்ணூற்றாறு நிமிஷமாயிற்று. கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் அவர் கதையைச் சேர்க்கவில்லை. புழுக்கத்தைச் சேர்த்தார், வேர்வையைச் சேர்த்தார், ஓடாத மின்விசிறியை, பாதிவழியில் கொட்டுகிற மழையைச் சேர்த்தார். காமிராவை முதல் பகுதியில் கண்மட்டத்துக்கு மேலும், நடுப்பகுதியில் கண்மட்டத்திலும், கடைசிப் பகுதியில் அதற்குக் கீழேயும் வைத்ததாகவும், லென்ஸைப் படிப்படியாக நீளமாக்கிக்கொண்டே போனதாகவும் பின்னாளில் எழுதியிருக்கிறார். படம் போகப்போக அறை சுருங்குகிறது, கூரை தலைமேல் தெரிய ஆரம்பிக்கிறது. பார்க்கிறவனுக்கு இது தெரியாது. மூச்சு முட்டுவது மட்டும் தெரியும். நேரம் கூடியபோதும் காலப்பிரமாணம் கெடாமல் இருந்ததற்கு லூமெட் பழகிய பள்ளிக்கூடமே காரணம் என்று நினைக்கிறேன்.

இதே நாடகத்தை 1986இல் பாஸு சாட்டர்ஜி 'ஏக் ருக்கா ஹுவா ஃபைஸ்லா' என்று ஹிந்தியில் எடுத்தார். 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை இந்தியாவிலிருந்து போய்விட்டது. இல்லாத ஒரு ஸ்தாபனத்தைப் பற்றிய நாடகம் அது. ஆனாலும் பங்கஜ் கபூரும் கே.கே. ரெய்னாவும் எதிரெதிரே மோதும்போது இந்தியாவில் ஏது ஜூரி என்ற கேள்வி எழுவதில்லை. நான் பார்த்தவரையில் யாரும் அதைக் கேட்டதுமில்லை. வாதம் அடுக்கப்பட்ட முறை அத்தனை திடமானது. சமூகப் பின்னணியைப் பிடுங்கிவிட்டாலும் நிற்கிறது.

நேர எல்லையைப் புகழ்ந்துகொண்டே போனால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்தக் காலத்து டெலிவிஷனுக்கு இன்னோர் எல்லையும் இருந்தது. 1959 ஏப்ரல் 16ஆம் தேதி ஸிபிஎஸ்ஸின் 'ப்ளேஹவுஸ் 90' வரிசையில் 'ஜட்ஜ்மென்ட் அட் நூரெம்பெர்க்' ஒளிபரப்பாயிற்று. நாஜி நீதிபதிகள் மீதான விசாரணை. அதில் விஷவாயு அறைகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. நிகழ்ச்சியின் ஸ்பான்ஸர்களில் ஒன்று சமையல்வாயு விற்கிற கம்பெனிகளின் சங்கம். 'வாயு' என்ற சொல் வருகிற இடங்களில் ஒலியை அமுக்கிவிட்டார்கள். நடிகரின் உதடு அசைகிறது, சொல் கேட்கவில்லை. லட்சக்கணக்கான மனிதர்களைக் கொன்ற சாதனத்தின் பெயர், அடுப்பு விற்பனைக்கு இடைஞ்சல் என்று நீக்கப்பட்டது.

ஆகவே எல்லைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று சொல்கிற எல்லை ஒன்று. எதைச் சொல்லலாம் என்று சொல்கிற எல்லை இன்னொன்று. முதலாவது படைப்பாளியை யோசிக்கவைக்கிறது. இரண்டாவது அவன் யோசித்ததை அழிக்கிறது. கட்டுப்பாடு கலைக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இரண்டையும் ஒரே பையில் போடுகிறார்கள். தணிக்கைக்கு வக்காலத்து வாங்குவதில்தான் அது முடியும்.

விளம்பரம் இல்லாமல், ஆனால் நேர எல்லையோடு ஒரு டெலிவிஷன் இருந்தால் என்ன விளையும்? இங்கிலாந்தின் பிபிஸி அதற்குப் பதில். பார்வையாளர் செலுத்துகிற லைசென்ஸ் கட்டணத்தில் நடப்பது. 1966 நவம்பர் 16ஆம் தேதி அதன் 'வெட்னெஸ்டே ப்ளே' வரிசையில் கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' வந்தது. வீடிழந்த ஒரு குடும்பம் படிப்படியாகச் சிதைந்து, கடைசியில் தாயிடமிருந்து குழந்தைகள் பிரிக்கப்படுவதை எண்பது நிமிஷத்துக்குள் சொன்னது. சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு ஸ்பான்ஸர் கையில் இது எந்தக் கதியை அடைந்திருக்கும் என்று வாயு விஷயத்தைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் சொன்ன நான்கு கனவான்களுக்கு வருகிறேன். 1979 செப்டம்பர் 10ஆம் தேதி பிபிஸி இரண்டாம் அலைவரிசையில் 'டிங்கர் டெய்லர் ஸோல்ஜர் ஸ்பை' ஆரம்பமாயிற்று. ஜான் லெ காரேயின் 1974ஆம் வருஷத்து நாவல். ஆர்தர் ஹாப்கிராஃப்ட் எழுத, ஜான் இர்வின் இயக்க, ஏழு வாரம், ஏழு பகுதி. உளவு ஸ்தாபனத்தின் உச்சியில் இருக்கிற நால்வரில் ஒருவன் ரஷ்யாவின் ஆள். அது யார் என்று ஓய்வுபெற்ற ஜார்ஜ் ஸ்மைலி கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் காட்சியில் அந்த நால்வரும் ஆலோசனை அறைக்குள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருவர் தம் காகிதங்களை ஒழுங்குபடுத்துகிறார். ஒருவர் சிகரெட்டோடு வருகிறார். கடைசியாக வருகிறவர் தேநீர்க் கோப்பையின் மேல் ஸாஸரைக் கவிழ்த்து எடுத்து வருகிறார். யாரும் பேசுவதில்லை. கூட்டத்தை ஆரம்பிக்கலாம் என்று தலைவர் சொல்கிற இடத்தில் காட்சி முடிந்துவிடுகிறது. யார் இவர்கள், என்ன கூட்டம், ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆனால் நால்வரின் சுபாவமும் அந்தச் சில நிமிஷத்தில் நம் முன் வைக்கப்பட்டாயிற்று. துரோகி யார் என்று தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், கோப்பையைப் பிடித்த விதத்திலும் நாற்காலியை இழுத்த விதத்திலும் அர்த்தங்கள் முளைக்கின்றன. இந்தக் காட்சி பார்ப்பவனிடம் வைக்கிற நம்பிக்கை சாதாரணமானதல்ல. இப்போது உனக்குப் புரியாது, ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வாய் என்கிறது.

அதன் பிறகு ஏழு பகுதிகளிலும் அலெக் கின்னஸ் செய்வதெல்லாம் பழைய கோப்புகளைப் படிப்பதும் ஆட்களைச் சந்தித்துப் பேசவிட்டுக் கேட்பதும்தான். கேட்பது என்ற செயலை இதைப்போல நாடகமாக்கிய வேறொன்று எனக்குத் தெரியாது. பேசுகிறவனின் பொய் கின்னஸின் முகத்தில் படிகிறது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைக்கிறார். நான் வங்கியில் குமாஸ்தா. பழைய பதிவேட்டில் ஒரு தேதியும் ஒரு வவுச்சரில் இன்னொரு தேதியும் இடிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கும்போது முதுகுத்தண்டில் ஓடுகிற சில்லிப்பு எனக்குப் பரிச்சயமானது. துப்பாக்கி வெடிப்பதைவிட அது பெரிய பரபரப்பு என்று சொன்னால் என் சக ஊழியர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஹாப்கிராஃப்ட் எழுதியது அந்தப் பரபரப்பை.

இதன் வெற்றிக்குச் சரித்திரம் ஒரு விசித்திரமான உதவியும் செய்தது. 1979 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் 24 வரை இங்கிலாந்தின் வர்த்தக டெலிவிஷனான ஐடிவி வேலைநிறுத்தத்தால் இருண்டு கிடந்தது. வேறெங்கோ போயிருக்கக்கூடிய ஜனங்களில் பலர் இந்த மௌனமான நாடகத்தின் முன் உட்கார நேர்ந்தது. உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடவில்லை. அடுத்த வாரம்வரை யார் அந்த ஆள் என்று பேசிக்கொண்டார்கள். ஏழு பகுதிகளுக்கு நடுவே இருந்த ஆறு இடைவெளிகளும் நாடகத்தில் சேர்ந்தவை என்று நினைக்கிறேன். அந்த ஆறு வாரத்தில் ஸ்மைலியோடு சேர்ந்து பார்வையாளனும் யோசித்தான். தாளத்தில் வீச்சு போல, ஒலியில்லாத அந்த இடத்துக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் காட்டியபோது ஏழு பகுதிகளை ஆறாக வெட்டினார்கள். 2011இல் தோமஸ் ஆல்ஃப்ரெட்ஸன் இதே நாவலை இரண்டு மணி நேரத்துச் சொச்சம் படமாக்கினார். காரி ஓல்ட்மேன் நடித்த அதுவும் நல்ல படம். ஆனால் அதில் நால்வரைச் சந்தேகிக்க நமக்கு நேரம் இல்லை. விடையை வாங்கிக்கொள்ளத்தான் நேரம் இருக்கிறது.

விளம்பர டெலிவிஷனுக்குள்ளேயே இதற்கு ஒப்பான ஒன்றைச் செய்தவர்கள் ஸ்டீவன் பாச்கோவும் மைக்கேல் கோஸலும். 1981 ஜனவரி 15ஆம் தேதி என்பிஸியில் ஆரம்பித்த 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' ஒரு போலீஸ் நிலையத்தின் காலை ஆஜர் பட்டியலோடு திறக்கிறது. கையில் பிடித்த காமிரா, ஒன்றின்மேல் ஒன்று விழுகிற பேச்சு, ஒரே சமயத்தில் ஓடுகிற ஏழெட்டுக் கதைகள். ஒரு பகுதியில் ஆரம்பித்தது அதே பகுதியில் முடிய வேண்டும் என்ற போலீஸ் நாடகங்களின் சம்பிரதாயத்தை உடைத்தார்கள். முதல் வருஷம் பார்வையாளர் எண்ணிக்கையில் பட்டியலின் அடியில் கிடந்தது. அதே வருஷம் எட்டு எம்மி பரிசுகள் பெற்றது. தொடர்ந்து நடத்தச் சம்மதித்த நிறுவனம், வாரத்துக்கு ஒரு கதையாவது முடியவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பார்ப்பவன் எத்தனை இழைகளைக் கையில் பிடித்திருக்க முடியும் என்பதில் படைப்பாளிகளின் மதிப்பீடும் முதலாளிகளின் மதிப்பீடும் வேறுவேறு என்பதற்கு இது சாட்சி.

இந்த வழக்கில் படைப்பாளிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது 'தி ஒயர்'. 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஹெச்பிஓவில் ஐந்து வரிசைகளாக வந்த அறுபது பகுதிகள். பால்டிமோர் நகரத்துப் போலீஸ், போதைமருந்து வியாபாரம், துறைமுகம், நகரசபை, பள்ளிக்கூடம், பத்திரிகை. எழுதிய டேவிட் ஸைமன் 'பால்டிமோர் ஸன்' பத்திரிகையில் நிருபராக இருந்தவர். எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறியும் போலீஸாகவும் பின்பு பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். ஹெச்பிஓ சந்தாவில் நடப்பது, விளம்பரம் கிடையாது.

முதல் வரிசையின் பதின்மூன்று பகுதிகளில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு உருப்படியாக ஆரம்பிக்கவே ஏறக்குறையப் பாதித்தூரம் போயாக வேண்டும். காரணம், வேறு வழிகள் எல்லாம் பலிக்கவில்லை என்று நீதிபதியிடம் போலீஸ் முதலில் காட்டியாக வேண்டும் என்கிறது சட்டம். நாடகத்தின் கதியைச் சட்டத்தின் நடைமுறை தீர்மானிக்கிறது. பேஜரில் வரும் எண்களின் ரகசியத்தை விடுவிக்கிறவனும் வீரனல்ல. துப்பாக்கியை எடுத்தாலே விபரீதம் செய்கிறான் என்று வெளிவேலையிலிருந்து எடுத்து மேஜையில் உட்காரவைக்கப்பட்டவன். தொலைபேசியின் எண்பலகையில் நடுவிலிருக்கிற ஐந்தைத் தாண்டி எதிர்ப்புறத்து எண்ணை எடுத்துக்கொள்வதே சூத்திரம் என்று கண்டுபிடிக்கிறான். அந்த நிமிஷத்தில் கிடைக்கிற சந்தோஷத்துக்கு முந்தைய நான்கு பகுதிகளின் அலுப்பு முதலீடு.

இந்தத் தொடரில் கடந்தகாலக் காட்சி திரும்ப வருவது அபூர்வம். முதல் பகுதியின் முடிவில் தெருவில் செத்துக்கிடக்கிறவனை, முன்பு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவன்தான் இவன் என்று ஒரு கணம் காட்டி ஞாபகமூட்டுகிறார்கள். ஹெச்பிஓ வற்புறுத்திச் சேர்த்தது அது. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஒரு கணம் பல்லில் கல் அகப்பட்டதுபோல இருக்கிறது. ஒரே ஓர் அவநம்பிக்கை. மற்ற இடமெல்லாம் நம்பிக்கை.

இவ்வளவுக்கும் பிறகு நேர எல்லையே ஒழிந்துபோன காலம் வந்தது. 2013 பிப்ரவரி 1ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. வாரம் இல்லை, மணி இல்லை, இடைவெளி இல்லை. ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது தானே ஓட ஆரம்பிக்கும். 2018இல் முடிந்தபோது மொத்தம் எழுபத்துமூன்று பகுதிகள்.

இதன் மூலம் பிபிஸி 1990இல் தயாரித்த அதே பெயருள்ள நாடகம். ஆண்ட்ரூ டேவிஸ் எழுதியது. அதிகாரத்துக்காக எதையும் செய்கிற கொறடாவின் கதை நான்கே பகுதிகளில் முடிகிறது. பின்பு வந்த இரண்டு தொடர்ச்சிகளையும் சேர்த்தால் பன்னிரண்டு. கொறடாவாக நடித்த இயன் ரிச்சர்ட்ஸன்தான் 1979இல் ஸாஸரைக் கவிழ்த்த கோப்பையோடு அறைக்குள் வந்தவர். அவர் காமிராவைத் திரும்பிப் பார்த்து நம்மிடம் பேசும்போது, நான்கு மணி நேரத்தில் நம்மைக் கூட்டாளியாக்கி, கடைசியில் வெட்கப்படவும் வைக்கிறார். எழுபத்துமூன்று பகுதிகளில் அந்தப் பார்வை பழக்கமாகிவிடுகிறது. பழகிய பார்வைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. அமெரிக்கத் தொடரில் திறமைக்கோ பணத்துக்கோ குறைவில்லை. முதல் இரண்டு வருஷங்கள் நன்றாகவே இருக்கின்றன. குறைந்தது முடிவு என்ற ஒன்று. எங்கே நிறுத்துவது என்று தெரியாத கதையில் எதைத் தெரியப்படுத்துவது என்ற கேள்விக்கும் கூர்மை இருப்பதில்லை.

இந்த இதழின் வாசகர்களுக்கு இது புதிய பிரச்னை அல்ல. யாப்பு போனபிறகு கவிதைக்கு நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எதுகையும் சீரும் வெளியிலிருந்து விதித்துக்கொண்டிருந்த ஒழுங்கு நீங்கியதும், நல்ல கவிஞன் ஒவ்வொரு கவிதைக்கும் அதற்கான ஒழுங்கை உள்ளேயிருந்து கண்டுபிடித்தான். மற்றவர்கள் வாக்கியத்தை மடித்து மடித்துப் போட்டார்கள். பத்து மணி நேரச் சினிமா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இன்றைய தொடர்களில் பல, மடித்துப் போட்ட வாக்கியங்கள்தான். நேரம் இலவசமாகக் கிடைத்ததும் அதைச் செலவழிக்கிற பொறுப்பும் போய்விட்டது. ஆனால் செலவாகிறது யாருடைய நேரம்? பணம் எண்ணி, கணக்கு நேர்செய்து, பஸ் பிடித்து வீடு வருகிற என் போன்றவனிடம் ராத்திரியில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதைக் கடனாகக் கேட்கிற படைப்பு, திருப்பித் தருகிற யோக்கியதையோடு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

உள்ளேயிருந்து ஒழுங்கைக் கண்டுபிடிக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். 2019இல் க்ரேக் மேஸின் எழுதிய 'செர்னோபில்' ஐந்தே பகுதிகளில் ஓர் அணு உலை விபத்தையும் ஓர் அரசாங்கத்தின் பொய்யையும் சொல்லி முடித்தது. 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸிலேயே வந்த 'அடாலஸன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஜாக் தார்னும் ஸ்டீஃபன் கிரஹாமும் எழுதி, ஃபிலிப் பாரன்டினி இயக்கியது. கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையன் கைதாகிறான். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். வசனம் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1954இல் வேறு வழியில்லாமல் ஷாஃப்னர் ஏற்ற நிர்ப்பந்தத்தை எழுபது வருஷம் கழித்து எல்லா வசதியும் உள்ளவர்கள் தாமாக வரவழைத்துக்கொண்டார்கள். மூன்றாம் பகுதியில் பையனும் உளவியலாளரான ஒரு பெண்ணும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்தப் பேச்சில் அவன் குழந்தையாகவும் கொலைகாரனாகவும் மாறிமாறித் தெரிகிறான். எப்போது எது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை.

கடிகாரமும் ஸ்பான்ஸரும் ஒன்றாக ஆண்ட காலம் ஒன்று. கடிகாரம் மட்டும் ஆண்ட காலம் ஒன்று. இரண்டும் இல்லாத காலம் இது. ஸ்பான்ஸர் போனதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. கடிகாரம் போனதற்கு வருத்தப்பட்டும் பயனில்லை. அது செய்துகொண்டிருந்த வேலையை இனி எழுதுகிறவன் செய்ய வேண்டும். அவன் செய்யாதபோது, எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும், இது இழுவை என்று சொல்கிற காரியம் பார்க்கிறவனுடையது. காலம் தவறினால் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிடும். பாடுகிறவருக்கு அது தெரியும். அந்தக் கை டெலிவிஷனுக்கும் வேண்டும்.